சர்க்கரை அளவும் அண்ணனும்

அன்புள்ள சார்,

எனக்கு 51 வயது. மூன்று வருடமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடுவதில்லை. சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் கட்டுக்குள் இருக்கின்றன. இந்த ஒழுங்குக்காக ஞாயிறு மாலை நண்பர்களோடு டீக்கடையில் உட்காருவதைக்கூட விட்டுவிட்டேன். அண்ணனோடு பேசி ஆறு வருடமாகிறது. உடம்பு சரியாக இருந்தால் சந்தோஷம் தானாக வரும் என்கிறார்கள். எனக்கு மனசு வெறிச்சென்று கிடக்கிறதே, ஏன்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நடைக்கும் சாப்பாட்டுக்கும் அத்தனை வரி எழுதிவிட்டு, அண்ணனை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

1938இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கே படித்த மாணவர்கள் 268 பேர், பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பையன்கள் 456 பேர் என 724 பேரை அதில் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பிற்பாடு அமெரிக்க அதிபரான கென்னடியும் அந்த மாணவர்களில் ஒருவர். வீட்டுக்கே போய்ப் பேசினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வின் நான்காவது இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் சொல்வது இது: 80 வயதில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை 50 வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவு காட்டவில்லை. அந்த வயதில் உறவுகளில் எவ்வளவு நிறைவோடு இருந்தார்கள் என்பதுதான் காட்டியது. தொடக்கத்தில் எல்லாருமே வெள்ளை ஆண்கள் என்பதால் அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் எனக்கு இது உண்மையாகவே படுகிறது.

அதற்காக நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். புகை, குடி, உடல் எடை, உடற்பயிற்சி எல்லாம் முதுமையைத் தீர்மானிப்பதை அதே ஆய்வு காட்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்திய ஜார்ஜ் வேலண்ட், மாணவர் குழுவினரின் மணமுறிவுகளுக்குக் குடியே முக்கியக் காரணம் என்று கண்டார். கெட்ட பழக்கம் முதலில் வீட்டைத்தான் கலைக்கிறது. உங்கள் விஷயத்தில் நல்ல பழக்கம் டீக்கடை நண்பர்களைக் கலைத்துவிட்டது. எனக்கு வருத்தம் அதில்தான்.

நானும் என் சித்தப்பா மகனும் ஒரு கடன் விவகாரத்தில் நான்கு வருடம் முகம் பார்க்காமல் இருந்தோம். ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார நேர்ந்தது. "ரசத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொல்லுடா" என்றான். சொன்னேன். அப்புறம் கை கழுவப் போகும்போது இருவரும் பேசிக்கொண்டேதான் போனோம். கடன் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு நடந்தே போங்கள், சர்க்கரை இல்லாமல் டீ சொல்லுங்கள். அண்ணனுக்குப் போன் செய்யும்போது யார் செய்தது சரி என்ற பேச்சை எடுக்க வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கே 51 என்றால், அவருக்கு இன்னும் கூட ஆகியிருக்குமே.

அன்புடன்.