சிரிப்பு பொம்மை போட்டால் கோபமா?

கேள்வி: சீனாவிலிருந்து தையல் மெஷின் உதிரி பாகங்கள் வரவழைக்கிறேன். வீசாட்டில் (சீனர்களின் வாட்ஸ்அப்) பேசி முடிக்கும்போது மரியாதைக்கு ஒரு சிரிப்பு பொம்மை (இமோஜி) போடுவேன். அந்தக் கம்பெனிப் பெண் ஒருநாள் "எங்கள் மேல் ஏதாவது கோபமா சார்?" என்று கேட்டுவிட்டார். நான் என்ன தப்பு செய்தேன்? (வாசகர், திருப்பூர்)

பதில்: உங்களுக்கு ஐம்பது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த பொம்மையை உற்றுப் பாருங்கள், உதடு மட்டும்தான் வளைந்திருக்கும், கண்ணில் சிரிப்பே இருக்காது. பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள், ஆனால் சீனத்து இளசுகளுக்கு அது "சரிதான் போய்யா". 'ஹெஹெ' என்று எழுதுவதும் அப்படித்தான் ஆகிவிட்டது, மெல்லிய சிரிப்பாக இருந்தது இப்போது பேச்சைக் கத்தரிக்கிற சொல். நிஜமாகவே சிரிப்பு வந்தால் 'ஹாஹாஹாஹா' என்று நீட்டி எழுதுங்கள், அல்லது பல் தெரியச் சிரிக்கும் பொம்மையைப் போடுங்கள்.

கேள்வி: கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே அர்த்தம் தலைகீழான சொல் உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: ஆங்கிலத்தில் 'எக்ரீஜியஸ்'. லத்தீனில் மந்தையிலிருந்து தனித்துத் தெரிபவர் என்று பொருள், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'தலைசிறந்த' என்றுதான் அர்த்தம். அப்புறம் "தலைசிறந்த முட்டாள்" என்கிற தினுசில் ஆட்கள் நக்கலடிக்க, இன்று படுமோசமான பிழைக்குத்தான் அந்தச் சொல். இத்தாலியர்கள் மட்டும் கடிதத்தில் 'எக்ரேஜியோ' என்று இன்னமும் மரியாதையாகவே விளிக்கிறார்கள்!

சீனத்தில் இது இன்னும் வேகம். 2004இல் ஒரு வாரப் பத்திரிகை நாட்டின் செல்வாக்கான பொது அறிவுஜீவிகள் என்று 50 பேரைப் பட்டியல் போட்டது. அதன் சுருக்கமான 'கோங்ஜி' சில வருஷங்களிலேயே இணையத்தில் வசவாகிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது 'ஹஷியே' கதை. இணக்கம் என்று பொருள், ஹு ஜிந்தாவ் சீன அதிபராக இருந்த காலத்தில் 'இணக்கமான சமுதாயம்' என்பது அரசாங்க முழக்கம். பதிவுகள் காணாமல் போக ஆரம்பித்ததும் மக்கள் "என் பதிவை இணக்கமாக்கிவிட்டார்கள்" என்று எழுதினார்கள். அந்தச் சொல்லும் தணிக்கையில் சிக்கவே, கிட்டத்தட்ட அதே உச்சரிப்புள்ள 'ஆற்று நண்டு' வந்து உட்கார்ந்துகொண்டது. நண்டுப் படம் போட்டாலே போதும், புரிந்துகொள்வார்கள். நேராகப் பேச முடியாத இடத்தில்தான் நையாண்டி இவ்வளவு கூர்மையாகிறது என்பது என் கட்சி.

கேள்வி: சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடுமாமே, அப்புறம் எப்படி நக்கல் பண்ணுவார்கள்?

பதில்: நன்றாகவே பண்ணுவார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் நக்கலடிக்கும்போது குரல் தாழ்கிறது, கான்டனீஸ் (ஹாங்காங் பக்கத்துச் சீன மொழி) பேசுகிறவர்களுக்கு உயர்கிறது என்று பதிவு செய்து அளந்தவர்கள் சொல்கிறார்கள். பெய்ஜிங்காரர்களிடம் வேறொரு வழியும் உண்டு, தேவையே இல்லாமல் மரியாதையைக் கூட்டுவது. 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'நின்' (நம் 'தாங்கள்') என்று ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள்.

கேள்வி: சீன ஓட்டலில் பரிமாறும் பெண்ணை 'ஷியாவ்ஜியே' என்று கூப்பிடலாமா?

பதில்: தைவானில் தாராளமாக. சீனாவில் வேண்டாம். ஒருகாலத்தில் பெரிய வீட்டுப் பெண்களுக்கான சொல், இப்போது பாலியல் தொழில் செய்பவர் என்ற பொருளும் ஏறிவிட்டது. 'ஃபூவுயுவான்', அதாவது பணியாளர், என்று கூப்பிடுங்கள், மெனு கார்டு வரும்.