வெளியே தெரியாத நோயும் வெளியே தெரியும் உடம்பும்

பெண்களின் தோற்றமும் வெளியே தெரியாத நோய்களும் அவர்கள் வேலையைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகப் பாதிக்கும். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து நான்காவது வருடம். சில மாதங்களில் நான்கைந்து கிலோ கூடியது, முகம் உப்பியது, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எல்லாரும் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் ஏசியில் நான் ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவேன். காலையில் படித்த மெயில் மதியம் மறந்துபோகும், அதனால் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு செய்தேன், ஒரு வேலையும் தவறவில்லை. மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, "என்னம்மா, முன்ன மாதிரி சுறுசுறுப்பே இல்லையே, கொஞ்சம் உடம்பைப் பாத்துக்கக் கூடாதா?" என்றார். அடுத்த வாரம் வாடிக்கையாளர் கூட்டத்துக்கு, நான் செய்த ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு வேறொருவர் போனார்.

அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, தைராய்டு சுரப்புக் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருவது இது. உப்பிய முகம், மறதி, குளிர் தாங்காமை எல்லாம் இதன் அறிகுறிகள்தான், பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது சோம்பேறித்தனம். பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கும் இதே கதிதான்: பருவும் மோவாய் முடியும் கண்ணில் படும், ஹார்மோன் கோளாறு படாது.

என் பக்கத்து இருக்கைத் தோழிக்கு வேறு விதம். அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் நோய். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது, ஆனாலும் கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆகிவிடுகின்றன, ஏனென்றால் மாதவிடாய் வலி என்றாலே "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எப்போதும் பளிச்சென்று வருவாள். மேஜைக்கு அடியில் வெந்நீர்ப் பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, மேலே சிரித்த முகத்தோடு அவள் விற்பனைக் கணக்கை வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் லீவு கேட்டால், "நேத்து நல்லாத்தானே இருந்தே?"

நீங்களும் இப்படி ஒரு நிலையில் இருந்தால், நோயின் பெயரை எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என்ன சலுகை வேண்டுமோ அதை மட்டும் மெயிலில் கேளுங்கள், முடித்த வேலைகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். என்னிடம் அந்த நோட்டு இருந்தது. மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப்போகத் தோன்றவில்லை.

மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் முகம் வற்றியது. "இப்பதாம்மா பழைய ஆளாத் தெரியறே" என்றார் அதே மேலாளர். அந்த வருட மதிப்பீட்டில் அவர் எழுதிய "ஈடுபாடு குறைவு" மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.