டுராண்ட் அணி மாறியது துரோகமா?

கேள்வி: கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிறேன். கெவின் டுராண்டின் பழைய ஆட்டங்களைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டு மேல் பைத்தியமானேன். ஆனால் 2016-ல் அவர் ஒக்லஹோமா சிட்டி தண்டரை விட்டுவிட்டு, தன்னைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிலேயே போய்ச் சேர்ந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. காசுக்காகப் போய்விட்டார் என்கிறான் அறை நண்பன். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். காசுதான் காரணம் என்றால் அவர் ஒக்லஹோமாவிலேயே இருந்திருப்பார். அன்றைய என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) விதிப்படி பழைய அணி 5 வருட ஒப்பந்தம் தரலாம், புது அணி 4 வருடம்தான் தர முடியும், வருடா வருடம் ஏறும் சம்பள உயர்வும் பழைய அணியில்தான் அதிகம். வாரியர்ஸில் அவர் போட்டது 2 வருட ஒப்பந்தம், அதிலும் முதல் வருடம் முடிந்ததும் வெளியே வரும் உரிமையோடு. அடுத்த கோடையில் அதிலிருந்து வெளியே வந்து, சக ஆட்டக்காரர்கள் இக்வொடாலாவையும் லிவிங்ஸ்டனையும் அணி விட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தனக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் பல மில்லியன் டாலரைக் குறைத்துக்கொண்டு, சுமார் 25 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் வேறு என்ன? அதற்கு முந்தைய ஒன்பது வருடத்தைப் பாருங்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007-ல், இரண்டாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ். அங்கே ஒரு சீசன் ஆடினார், 2008-ல் உரிமையாளர்கள் அணியையே பெயர்த்து ஒக்லஹோமாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சியாட்டில் ரசிகர்கள் 41 வருடம் கொண்டாடிய அணி அது! 2012-ல் லீக்கின் இறுதித் தொடரான ஃபைனல்ஸ் வரை போனார்கள், மயாமியிடம் தோற்றார்கள், சம்பளம் ஒத்துவரவில்லை என்று அந்த அக்டோபரிலேயே சக ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு டிரேட் செய்தது, அதாவது வேறு ஆட்டக்காரர்களுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டது, நிர்வாகம். 2016 ஜூனில், டுராண்ட் முடிவெடுக்கச் சில நாட்களே இருக்கும்போது, இன்னொரு சக ஆட்டக்காரர் செர்ஜ் இபாக்காவையும் ஒர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் எந்த முடிவும் டுராண்ட் எடுத்தது இல்லை. எந்த ஊர், யாரோடு ஆட்டம் என்று அவரே முடிவு செய்ய உண்மையிலேயே வாய்ப்பு வந்தது 27 வயதில், அந்த ஜூலையில்தான். நிர்வாகம் ஒருவரை அனுப்பினால் வியாபாரம், ஆட்டக்காரர் தானே கிளம்பினால் துரோகம் என்கிற கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. அந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1970-ல் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரர் லீக் மேல் வழக்குப் போட்டு, 1976-ல் சமரசமாகி, அப்புறமும் காத்திருந்து, 1988-ல்தான் டாம் சேம்பர்ஸ் பழைய அணியின் தடை எதுவும் இல்லாமல் இடம் மாறிய முதல் ஆளானார்.

சரி, மாறட்டும், ஆனால் ஏன் வாரியர்ஸ்? நீங்களும் ஆடுகிறவர், அதனால் வாரியர்ஸுக்கு எதிரான 2016 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள், ஸ்கோரை விட்டுவிட்டுப் பந்து போகும் வழியை மட்டும் கவனியுங்கள். தொடரில் தண்டர் 3-1 என முன்னிலை பெற்று, அது 3-2 ஆகியிருந்த நேரம், சொந்த மைதானம், கடைசி கால்பகுதி தொடங்கும்போது 8 புள்ளி முன்னிலை. அதிலிருந்து தோற்றார்கள். வாரியர்ஸின் கிளே தாம்சன் 11 த்ரீ (தூரத்திலிருந்து எறிந்து எடுக்கும் மூன்று புள்ளி) போட்டார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நான் பார்க்கச் சொல்வது மறுபக்கத்தை. டுராண்டும் சக நட்சத்திரம் வெஸ்ட்புரூக்கும் மாறி மாறிப் பந்தை வைத்துக்கொண்டு தனியாக மோதுகிறார்கள், மற்ற மூவரும் நின்று பார்க்கிறார்கள், எதிரணிக்காரர்கள் கூசாமல் டுராண்ட் மேலேயே வந்து விழுகிறார்கள், ஏனென்றால் பந்து வேறு யாருக்கும் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். அன்று அவர் 31 முறை எறிந்து 10 மட்டுமே உள்ளே போனது. வாரியர்ஸ் பக்கம் அவர்களின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி பந்தில்லாமல் ஓடினாலே இரண்டு பேர் பின்னால் ஓடுகிறார்கள், அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் ஆளில்லாமல் நிற்கிறார். ஒன்பது வருடம் இரண்டு மூன்று பேரைச் சமாளித்தே ஆடிய ஒருவருக்கு அப்படி ஆளில்லாமல் நிற்க ஆசை வராதா? எனக்கு இதுதான் முதல் காரணமாகப் படுகிறது, கோப்பை ஆசைகூட இதற்கு அப்புறம்தான்.

வாரியர்ஸால் அவரை எடுக்க முடிந்ததே ஒரு விசித்திரம். புதிய டிவி ஒப்பந்தத்தால் சம்பள வரம்பு, அதாவது ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு அணிகளுக்கு லீக் வைக்கும் வரம்பு, ஒரே வருடத்தில் 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியது. அதோடு கரி 2012-ல், கணுக்கால் காயங்களால் அவர் நிலைப்பாரா என்றே சந்தேகம் இருந்த நேரத்தில், 4 வருடத்துக்கு வெறும் 44 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டிருந்தார், அந்த ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் ஆட்டக்காரர்களில் ஹாரிசன் பார்ன்ஸை விட்டுவிட்டு, ஆண்ட்ரூ போகட் என்பவரை டிரேட் செய்ததும் இடம் கிடைத்துவிட்டது. நியூயார்க் பக்கம் ஹாம்ப்டன்ஸில் தங்கியிருந்த டுராண்டைப் பார்க்க நிர்வாகிகளோடு கரி, தாம்சன், கிரீன், இக்வொடாலா நால்வரும் நேரில் போனார்கள். சொந்த ஷாட்டுகள் குறையும் என்று தெரிந்தும் வந்து கூப்பிடுகிறார்களே, அது சாதாரண அழைப்பா?

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒரே சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த அணியோடு அவரும் சேர்ந்ததும் போட்டி என்பதே போய்விட்டது. 2017 பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில், வாரியர்ஸ் 16 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த வருடமும் அடுத்த வருடமும் கோப்பை, இரண்டு முறையும் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் டுராண்ட்தான். பார்க்கிறவனுக்கு அது நஷ்டம், ஒக்லஹோமா போன்ற சின்ன ஊருக்கு இன்னும் பெரிய நஷ்டம். ஆனால் ஓட்டை விதிகளில் இருந்தது, அவர் அதன் வழியே நடந்து போனார், அவ்வளவுதான்.

டுராண்ட் மேல் கோபப்பட்டே ஆக வேண்டும் என்றால் வேறு வருடத்தை எடுங்கள். 2016-ல் ஒப்பந்தம் முடிந்து போனார், 2019-ல் பிரூக்ளின் நெட்ஸ் அணிக்கு மாறியபோதும் அப்படித்தான். ஆனால் 2021 ஆகஸ்டில் பிரூக்ளினோடு மேலும் 4 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் புது ஒப்பந்தத்தின் முதல் சீசன் தொடங்கும் முன்பே, 2022 ஜூன் கடைசியில் என்னை டிரேட் செய்யுங்கள் என்று கேட்டாரே, அதை மட்டும் என்னால் இன்றுவரை நியாயப்படுத்த முடியவில்லை.