கடன் கொப்பியும் கச்சான் காற்றும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொரோனாவுக்காக இலங்கையில் 2021 மே 21ஆம் திகதி தொடங்கிய பயணத்தடை ஜூன் 21ஆம் திகதி அதிகாலை நான்கு மணிக்குத் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஒரு மாதத்தில் திருகோணமலைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கேள்விகளில் வழக்கமான அரசியலும் சினிமாவும் இல்லை. எல்லாமே காசைப் பற்றியவை. ஓய்வு பெறும்வரை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதியவன் என்பதால், தெரிந்த விடயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர்: ஐயா, முன்பு பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கடன் கொடுத்து வந்தேன். இப்போது கொப்பியில் நாற்பது பெயர் இருக்கிறது. மொத்த வியாபாரியோ கையில் காசு வைக்காமல் மூட்டை இறக்க மாட்டேன் என்கிறார். கடனை நிறுத்தினால் சனம் திட்டும். கொடுத்தால் கடை மூடும். என்ன செய்யலாம்?

முதலில் அந்த நாற்பது பெயர்களையும் வேறொரு தாளில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நாட்கூலிக்குப் போய் வேலை நின்றவர்கள் ஒரு பக்கம், முன்பும் வருமானம் இல்லாதவர்கள் ஒரு பக்கம், மாதச் சம்பளம் நிற்காமல் வந்துகொண்டிருந்தும் பழக்கத்தினால் கொப்பியில் எழுதிப் போகிறவர்கள் ஒரு பக்கம். இந்த மூன்றாவது பக்கம் நீங்கள் நினைப்பதைவிட நீளமாக இருக்கும். அரச ஊழியருக்கு ஊரடங்கிலும் சம்பளம் வங்கிக்கு வந்தது. ஆனால் மேசன் வேலைக்குப் போகிறவரிடம் “பழைய பாக்கி என்னாச்சு?” என்று கேட்கத் துணியும் கடைக்காரர், கந்தோருக்குப் போகும் ஐயாவிடம் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார். நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டியது அந்த ஐயாவின் படலையில்தான். அவர் தீர்க்கும் கணக்கில்தான் உங்கள் அடுத்த மூட்டை இறங்கும்.

இரண்டாவதாக, எந்தப் பொருளுக்குக் கடன் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம் ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். சிகரெட்டுக்கும் சோடாவுக்கும் தொலைபேசி ரீலோட்டுக்கும் கொடுக்க வேண்டாம். ரீலோட்டில் உங்களுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். ஒருவர் கொடுக்காமல் விட்டால், பலருக்குப் போட்ட ரீலோட்டின் இலாபமும் அதோடு போய்விடும்.

மூன்றாவது, எழுதும் முறை. எங்கள் தெருக் கடையின் கொப்பியை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்ட பக்கங்களில் “பச்சைக் கேற் அக்கா: அரிசி 2, பருப்பு கால்” என்றும் “கிணற்றடித் தம்பி: சீனி அரை” என்றும் எழுதியிருந்தது. பன்னிரண்டு பேர் இருந்த காலத்தில் இது போதும். நாற்பது பேர் வந்த பிறகு, அந்த அக்கா வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு போனால் பச்சைக் கேற் மட்டுமே மிஞ்சும். பெயர், திகதி, தொகை மூன்றையும் எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தையும் எடுத்து, துண்டொன்றில் அதே கணக்கை அவரிடமும் கொடுத்து அனுப்புங்கள். நேர்மையானவர் இதில் கோபப்பட மாட்டார். அவருக்கும் தன் கடன் எவ்வளவென்று தெரிந்திருப்பது நல்லது.

அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தினால் சிக்கல் தீரும் என்றும் எழுதியிருந்தீர்கள். 2020 மார்ச்சில் பருப்பு கிலோ 65 ரூபா, ரின்மீன் 100 ரூபா என்று உச்ச விலை அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதைவிடக் கூடிய விலைக்கு வாங்கி வைத்திருந்த சிறு கடைக்காரர் நட்டத்துக்கு விற்றார், அல்லது “முடிந்துவிட்டது” என்று சொன்னார். ஏப்ரல் முடிவில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்படும்வரை பருப்பைத் தேடி அலைந்தது யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

உப்புவெளியிலிருந்து ஒரு முச்சக்கரவண்டி ஓட்டுநர்: லீசிங் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்கிறார்கள். கட்டாமல் விட்டால் ஆறுதல்தான், ஆனால் பிறகு சிக்கல் வருமா?

வரும். தள்ளிவைப்பதைத் தள்ளுபடி என்று விளங்கிக்கொண்டவர்கள்தான் 2020இல் அதிகம் துன்பப்பட்டார்கள். 2020 மார்ச்சில் முச்சக்கரவண்டி, பாடசாலை வான், லொறி போன்றவற்றைச் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு மத்திய வங்கியின் ஏற்பாட்டில் ஆறு மாதத் தவணைக்காலச் சலுகை கிடைத்தது. 2021இன் மூன்றாவது கொரோனா அலைக்கும் அந்த வருடம் ஆகஸ்ட் 31 வரை ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. இந்தக் காலத்தில் தவணை நிற்கும், வட்டி நிற்காது. உதாரணமாக, உங்கள் மிகுதிக் கடன் 400,000 ரூபா, வட்டி வருடத்துக்கு 20 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கட்டாமல் இருந்தால் ஏறத்தாழ 40,000 ரூபா வட்டி சேர்ந்து நிற்கும். அதை யாரோ ஒருவர் கட்டியே ஆக வேண்டும், அந்த யாரோ நீங்கள்தான்.

ஆகவே சலுகை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஓட்டமில்லாத வண்டிக்குத் தவணை கட்ட நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குக் காசு எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: சேர்ந்த வட்டியால் தவணைத் தொகை கூடுமா, அல்லது தவணைகளின் எண்ணிக்கை கூடுமா? முழுத் தவணை முடியாவிட்டால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்ட விடுவீர்களா? இரண்டாவதற்கு ஆம் என்று சொன்னால், ஓடிய நாட்களின் காசில் முதலில் அதைக் கட்டிவிடுங்கள். தொலைபேசியில் “பார்ப்போம் அண்ணே” என்று ஒருவர் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம். அந்த ஒருவர் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறிப் போயிருப்பார்.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: வருமானம் பாதியாகிவிட்டது, வெளியே எங்கும் போகவில்லை, விசேடங்களும் இல்லை. ஆனாலும் வீட்டுச் செலவு ஏன் கூடியிருக்கிறது?

உங்கள் கணவர் ஒரு நாளைக்கு எத்தனை தேநீர் குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். முன்பு அவற்றில் நான்கு கந்தோர்க் கணக்கில் போயின. தேயிலை, சீனி, பால்மா, எரிவாயு நான்கும் இப்போது உங்கள் அடுப்படிக் கணக்கில் ஏறுகின்றன. நானும் ஓய்வு பெற்ற முதல் மாதம் இதே குற்றச்சாட்டுக்கு ஆளானவன்தான்.

திருக்கடலூரிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் படகில் கூலிப் பங்குக்குப் போகிறார். மீன் படுகிறது, விலை இல்லை. கப்பல் எரிந்தது கொழும்பில், எங்கள் மீனை ஏன் வாங்க மாட்டோம் என்கிறார்கள்?

அம்மா, எட்டு மாதத்துக்குள் இது இரண்டாவது அடி. 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொட மீன் சந்தையில் கொரோனாத் தொற்றுக்கொத்தணி உருவாகிச் சந்தை மூடப்பட்டபோது, கொழும்புக்கு லொறி அனுப்பும் எல்லாக் கரைகளிலும் விலை விழுந்தது. மீனால் நோய் பரவும் என்று ஒரு கதையும் கிளம்பியது. மீன்பிடித் துறைக்கு முன்பு பொறுப்பாக இருந்த அரசியல்வாதி திலிப் வெதஆரச்சி நவம்பரில் ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அன்று மாலை மீன் வாங்கினார்கள் என்று நான் கேட்பதில்லை. இப்போது எக்ஸ்பிரஸ் பேர்ள். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றி, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கிய அந்தக் கப்பலிலிருந்து பிளாஸ்ரிக் மணிகள் கரையொதுங்கியது மேற்குக் கரையில். மீன்பிடிக்கத் தடை போட்டதும் அந்தப் பக்கத்தில்தான். உங்கள் வலை விழுவது கிழக்கில். ஆனால் வாங்குகிறவருக்குக் கடல் ஒன்றுதான், பயமும் ஒன்றுதான்.

இதற்கு மேல் 2021 ஜூன் 11ஆம் திகதி நள்ளிரவிலிருந்து மண்ணெண்ணெய் லீற்றர் 70 ரூபாவிலிருந்து 77 ஆனது. நாளொன்றுக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு அது 140 ரூபா மேலதிகம். பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகே பங்கு பிரிப்பார்கள் என்பதால், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி மட்டுமல்ல, கூலிக்குப் போகிறவரும் அந்த 140 ரூபாவைச் சுமக்கிறார். மீன் பட்டாலும் படாவிட்டாலும் சுமக்கிறார். பங்கு பிரிக்கும்போது எண்ணெய்ச் சிட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

விலை படாத நாட்களில் சிறு மீனைக் கருவாடு போடச் சொல்லி உங்கள் மாமியார் சொன்னதாகவும், நீங்கள் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாமியார் சொல்வதைக் கேளுங்கள். இது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம்; இந்தக் காய்ந்த காற்றுக்கு நெத்தலி விரைவில் சருகாகிவிடும். சூடையையும் கீரியையும் குடல் நீக்கிக் கழுவி, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்ற கணக்கில் பிசறி ஒரு இரவு வைத்து, மறுநாள் காலை கழுவிப் பரப்புங்கள். மணலில் பரப்ப வேண்டாம். கச்சான் மணலையும் சேர்த்துத்தான் வீசும். பல்லில் மணல் கடித்த கருவாட்டை வாங்கிய வீட்டுக்காரி மறுமுறை உங்களிடம் வாங்க மாட்டார். இடுப்பளவு உயரத்தில் நான்கு கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டினால் பரண் ஆகிவிடும். ஏறத்தாழ மூன்று கிலோ ஈரமீன் ஒரு கிலோ கருவாடாகும் என்பதை மனதில் வைத்து விலையைச் சொல்லுங்கள். ஈரமீன் விலையின் இரண்டு மடங்குக்கு விற்றுவிட்டு இலாபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு விடுதி ஊழியர்: நான்கு வருடமும் ஏழு மாதமும் ஒரே விடுதியில் வேலை செய்கிறேன். ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம்கூட ஒழுங்காக வரவில்லை. இப்போது “விலகல் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போ, சீசன் தொடங்கியதும் திரும்ப எடுக்கிறோம்” என்கிறார் முகாமையாளர். வைக்கலாமா?

வைக்க வேண்டாம். ஐந்து வருடச் சேவை முடிந்தால்தான் பணிக்கொடைக்கு உரிமை வரும். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பது சட்டம். அந்தக் கோட்டுக்கு இன்னும் ஐந்து மாதமே இருக்கையில் நீங்களாகவே விலகியதாக எழுதிக் கொடுத்தால், திரும்ப எடுத்தாலும் கணக்குப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். முகாமையாளர் கெட்டவர் என்று சொல்லவில்லை. உங்கள் கடற்கரைக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு அந்த சீசனின் தொடக்கத்திலேயே விழுந்தது, 2020இல் விமான நிலையம் மூடிக் கிடந்தது, 2021இல் பயணத்தடை. மூன்று சீசனை இழந்த முதலாளியின் நெருக்கடி உண்மையானது. ஆனாலும் அதை உங்கள் கையெழுத்தால் தீர்க்க வேண்டியதில்லை.

2020 மே மாதத்தில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் செய்த முத்தரப்பு உடன்பாட்டின்படி, வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது கூடவோ அது கொடுக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. பின்னர் அது நீடிக்கவும்பட்டது. சம்பளச் சிட்டைகளையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய், எந்தெந்த மாதங்களுக்கு அது உங்களுக்குப் பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்த சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டதா என்பதையும் அதே நாளில் பாருங்கள்: உங்களிடம் கழிக்கும் 8 வீதத்தோடு முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவர் கட்டும் 3 வீதமும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்: அரசாங்கத்தின் கொரோனா நிவாரணம் 5,000 ரூபா அடுத்த வீட்டுக்குக் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. யாரிடம் முறையிடுவது?

கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் மேன்முறையீடு கொடுங்கள். அங்கே நகராவிட்டால் பிரதேச செயலகத்தில். அடுத்த வீட்டுக்காரரோடு மட்டும் கோபிக்க வேண்டாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒன்றரைக் கிலோ என்றால் மாதத்துக்கு 45 கிலோ அரிசி. கிலோ 110 ரூபா என்று வைத்தால் 4,950 ரூபா. அவருக்கு மிச்சம் 50 ரூபா.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாய்: ஒரு கைத்தொலைபேசி, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சாதாரண தரம், இளையவன் ஐந்தாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே நேரத்தில் சூம் வகுப்பு வைக்கிறார்கள். டேட்டா போட்டுக் கட்டுப்படியாகவில்லை.

நேரலை வகுப்பு மூத்தவளுக்கு இருக்கட்டும். இளையவனின் ஆசிரியரிடம் பேசி, சூமுக்குப் பதிலாகப் பாடக்குறிப்பின் படத்தையும் இரண்டு நிமிடக் குரல்பதிவையும் வட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேளுங்கள். டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும், பெரும்பாலான ஆசிரியர்களுக்கும் இதில் மறுப்பு இருக்காது, அவர்களும் தங்கள் காசிலேயே டேட்டா போடுகிறார்கள். வீட்டில் தொலைக்காட்சி இருந்தால் நேத்ராவில் போகும் ‘குருகுலம்’ பாடங்களுக்கு அவனை உட்கார வையுங்கள். குறிப்புப் படங்களை இரவில் இறக்கி வைத்து, காலையில் அவனுடைய அப்பா தொலைபேசியை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்கு முன் கொப்பியில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அவர் எத்தனை மணிக்குப் புறப்படுவார் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்தரைக்கு என்றால் பிள்ளையை ஐந்துக்கு எழுப்ப வேண்டிவரும்.