கோட்டிலிருந்து ஓர் எட்டு முன்னால்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பெண்கள் கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில் 1999 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் தங்கையும் அந்தப் பெனால்டி உதைகளைத் தேடிப் பார்த்தோம். தங்கை கல்லூரி அணியில் கோலி, அதாவது கோல்கீப்பர். சீன வீராங்கனை பந்தை உதைப்பதற்கு முன்பே அமெரிக்க கோலி பிரயானா ஸ்கரி கோட்டை விட்டு முன்னால் வந்துவிடுகிறார். "இது தப்புதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே, ஏன்?

அப்புறம், அமெரிக்காவில் கல்லூரி முடித்தால் நேரே தொழில்முறை அணிதான், நமக்குத்தான் வழியில்லை என்று தங்கை அடிக்கடி சலித்துக்கொள்வாள். ஸ்கரி அப்படித்தான் போனாரா?

போன மாதம் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் தங்கையின் தலையில் இடித்துவிட்டது. எழுந்து நின்று கடைசி நிமிடம் வரை ஆடினாள். எனக்கு அவ்வளவு பெருமை. உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

தப்புதான். அன்றைய விதிப்படி, பந்தை உதைக்கும் வரை கோலி கோட்டின் மேலேயே இடமும் வலமும் நகரலாம், முன்னால் வரக் கூடாது. ஸ்கரி வந்தார். நடுவர் விசில் ஊதவில்லை. தெரிந்தேதான் வந்ததாக அவரே பிறகு ஒப்புக்கொண்டார். கட்டுரையில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மீதிருந்த பிரியத்தில் விட்டுவிட்டேன். உங்கள் தங்கையின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

ஆனால் தங்கையை அந்த வீடியோவை இன்னும் ஒரு நிமிடம் முன்னாலிருந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1999 ஜூலை 10, பாசடேனா ரோஸ் பவுல் மைதானம், 90,185 பேர். கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆடியும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அந்தக் கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி. சீனாவின் ஒரு தலைமுட்டு ஸ்கரியைத் தாண்டிப் போக, கோல் கோட்டில் நின்ற கிறிஸ்டின் லில்லி அதைத் தலையால் முட்டி வெளியேற்றியிருந்தார். அப்படித் தப்பித்துத்தான் பெனால்டிக்கே வந்தார்கள்.

உதைக்க வருபவரின் முகத்தைப் பார்ப்பது ஸ்கரியின் வழக்கமில்லை. தன் இடத்தில் நின்று தன் வேலையை மட்டும் நினைப்பார். சீனாவின் மூன்றாவது உதைக்கு லியு யிங் நடந்து வந்தபோது மட்டும், பார் என்று உள்ளே ஏதோ சொன்னதாம். பார்த்தார். தோள் தளர்ந்திருந்தது, நடை கனத்திருந்தது. இதுதான், இதை நான் பிடிப்பேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு எட்டு முன்னால் வந்து, இடப்பக்கம் முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்து, இரு கையாலும் தள்ளினார். மற்ற நால்வரின் உதையும் கோலானது. அமெரிக்காவின் ஐந்துமே கோல். கடைசி உதையை அடித்த பிராண்டி சாஸ்டெய்ன் சட்டையைக் கழற்றி மண்டியிட்ட படம்தான் உலகம் முழுக்கப் போனது. தடுத்தவரின் படம் அந்த அளவுக்குப் போகவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

கோடு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான்கு வருடம் முன்பு, 1995 உலகக் கோப்பையில், டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தின் 88ஆவது நிமிடத்தில் இதே ஸ்கரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பெனால்டி பாக்ஸின் கோட்டைத் தாண்டிவிட்டார். ரெட் கார்டு. மாற்று ஆட்களெல்லாம் தீர்ந்துபோயிருந்ததால் முன்கள வீராங்கனை மியா ஹாம் கோல்கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு மிச்ச நிமிடங்களைச் சமாளித்தார். கோலிக்குக் கோடு எவ்வளவு கறாரானது என்று ஸ்கரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்த இரண்டு எட்டுகளையும் அவர் எந்த அனுபவத்தோடு எடுத்து வைத்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கல்லூரிக் கேள்விக்கு வருகிறேன்.

மின்னசோட்டாவில் சின்னப் பெண்ணாக, பையன்கள் அணியில் ஒரே பெண்ணாக ஆடியபோது, அடிபடாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று பயிற்சியாளர் அவரைக் கோலில் நிறுத்தினாராம். இந்த 'பத்திரமாக' என்ற வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்துக்குப் போனார். கோலிகளைத் தயார் செய்வதில் பேர்போன ஜிம் ரூடிதான் அங்கே பயிற்சியாளர். ஸ்கரி முதல் விசிலிலிருந்து கோலில் நின்ற 65 கல்லூரி ஆட்டங்களில் 37இல் ஒரு கோல்கூட விழவில்லை. 1993இல் அணி தேசிய அரையிறுதி வரை போனது. படித்தது அரசியல் அறிவியல். அடுத்து வக்கீலுக்குப் படிக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. 1994 மார்ச்சில் போர்ச்சுகலுக்கு எதிராக நாட்டு அணியில் முதல் ஆட்டம், அதிலும் கோல் விடவில்லை.

இதுவரை தங்கை நினைப்பது போலத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அப்போது அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் என்று ஒன்றே கிடையாது. 1972ஆம் வருடச் சட்டம் ஒன்றின் புண்ணியத்தில் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் உதவித்தொகையும் வந்திருந்தன. படிப்பு முடிந்த மறுநாள் அந்தக் கதவு மூடிவிடும். மிச்சமிருந்தது நாட்டு அணி மட்டும். ஒரு நாட்டு அணிக்கு எத்தனை கோலி தேவைப்படும்? களத்தில் ஒருவர், பெஞ்சில் ஒன்றிரண்டு பேர். நடுக்களத்தில் ஆடுபவரை ஓரத்துக்கு மாற்றி ஆடவைக்கலாம், கோலியை எங்கே மாற்றுவது? அந்த ஓர் இடம் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாட்டு அணியிலும் பணம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1996 ஒலிம்பிக்குக்கு முன்னால், தங்கம் வென்றால் மட்டும்தான் போனஸ் என்று அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் சொன்னது. வெள்ளிக்கும் வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட மறுத்த ஒன்பது பேரில் ஸ்கரியும் ஒருவர். பயிற்சி முகாமுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு சங்கம் இறங்கிவந்தது. அந்த ஒலிம்பிக்கில் தங்கமே வென்றார்கள்.

அவருடைய கல்லூரிக் காலம் முடிந்து ஏழு வருடம் கழித்து, 2001இல்தான் முதல் தொழில்முறை லீக் வந்தது. அப்போது அவரிடம் ஒலிம்பிக் தங்கமும் உலகக் கோப்பையும் ஏற்கெனவே இருந்தன. அட்லாண்டா பீட் அணியில் மூன்று சீசன் ஆடினார். 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது லீக்கையே மூடிவிட்டார்கள். அடுத்த லீக் 2009இல் வந்தது, அதில் வாஷிங்டன் ஃப்ரீடம் அணி. 1994 முதல் 2010 வரை ஆடிய ஒருவருக்கு லீக் என்று கிடைத்தது ஐந்து சீசனுக்கும் குறைவு. நடுவில் 2000 ஒலிம்பிக்கில் பெஞ்சில் உட்கார்ந்தார். 2004இல் அப்பா இறந்து இரண்டு மாதத்தில் ஏதென்ஸில் இன்னொரு தங்கம் வென்றார். 2007 உலகக் கோப்பையில், அதுவரை கோலில் நின்ற ஹோப் சோலோவை உட்காரவைத்துவிட்டு அரையிறுதிக்கு ஸ்கரியை இறக்கினார்கள். பிரேசிலிடம் 4-0 என்று தோற்றார்கள். நாட்டு அணிக்காக மொத்தம் 173 ஆட்டங்கள்.

ஆகவே தங்கையிடம் சொல்லுங்கள், ஸ்கரிக்கு யாரும் பாதை போட்டு வைத்திருக்கவில்லை. இன்று அங்கே இருக்கும் லீக், மூடிப்போன அந்த இரண்டு லீக்குகளுக்கும் பிறகு வந்தது.

இனி உங்கள் கடைசிப் பத்தி. நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2010 ஏப்ரல் 25, ஃபிலடெல்ஃபியா அணியுடன் ஆட்டம். தாழ்வாக வந்த ஒரு பந்தைப் பிடிக்க ஸ்கரி குனிந்தார். ஓடிவந்த எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. அவர் உடனே கேட்டது, பந்து கோலுக்குள் போனதா என்றுதான். எழுந்து நின்றார், ஆடினார். சட்டைகளில் இருந்த எண்கள் மங்கலாகத் தெரிந்தன. இடைவேளையில் வெளியே நடந்தபோது நேராக நடக்க முடியவில்லை. நன்றாக இருக்கிறாயா என்று அணியின் மருத்துவ உதவியாளர் கேட்டதற்கு, இல்லை என்றார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். அப்போது வயது 38.

அதற்கப்புறம் மூன்று வருடம் ஓயாத தலைவலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, மறதி, மன அழுத்தம். உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்த நாளும் உண்டு என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். காப்பீட்டுப் பணத்துக்காக இழுபறி. இரண்டு ஒலிம்பிக் தங்கங்களையும் 18,000 டாலருக்கு அடகு வைத்தார். 2013இல் பின்தலை நரம்பில் அறுவை சிகிச்சை செய்த பிறகுதான் வலி விட்டது. மெடல்களை மீட்டார். தலைக்காயம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். 2017இல் கால்பந்துப் புகழரங்கில் அவரைச் சேர்த்தபோது, அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

பத்திரமாக இருக்கட்டும் என்று நிறுத்திய இடத்தில் நடந்தது இது.

உங்கள் தங்கை எழுந்து நின்று ஆடியது உங்களுக்குப் பெருமையாக இருந்ததில் தப்பில்லை. பார்த்த யாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த வரியைப் படித்ததும் பகீர் என்றது. அன்றிலிருந்து அவளுக்குத் தலைவலி உண்டா? படிக்கும்போது எழுத்து கலங்குகிறதா? தூக்கம் எப்படி? வெளிச்சமும் சத்தமும் எரிச்சலூட்டுகின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள், கோலிகள் அப்படித்தான் சொல்வார்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கையுறையை எடுத்து ஒளித்து வையுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.