இரும்புச்சத்து குறைந்தால் வெள்ளையணுவும் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 36. சில மாதங்களாக மாதவிலக்கின்போது உதிரப்போக்கு அதிகம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் வெள்ளையணு 3,600 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அடிக்கடி சளியும் பிடிக்கிறது. ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வரவில்லை. இரும்பு குறைந்ததால்தான் வெள்ளையணுவும் குறைந்ததா? அறிக்கையை இணைத்துள்ளேன்.
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அறிக்கையில் தடித்த எழுத்தில் இல்லாத எண்களைப் பாருங்கள். மொத்த வெள்ளையணு 3,600; அதில் நியூட்ரோபில் 52 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,870. கிருமிகளை முதலில் எதிர்கொள்பவை இந்த நியூட்ரோபில்கள்தான். அவை 1,500-க்கு மேல் இருந்தால் பெரியவர்களுக்குப் பொதுவாகப் போதும். தட்டணுக்கள் 4,60,000 இருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அவை இப்படிச் சற்று உயர்வது வழக்கம். ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்தவரும் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருப்பதைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க இதில் எதுவும் இல்லை.

இனி உங்கள் கேள்வி. இரும்புக் குறைவில் வெள்ளையணுவின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. சிலருக்கு மட்டும் லேசாக இறங்கும். பாதிக்கப்படுவது அவற்றின் வேலைத்திறன்தான், எண்ணிப் பார்க்கும் பரிசோதனையில் அது தெரியாது.

நியூட்ரோபில் ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும், உள்ளே ஹைபோகுளோரஸ் அமிலத்தைத் தயாரித்து அதைக் கொல்கிறது. நாம் கழிப்பறைக்கு ஊற்றும் பிளீச்சிங் கரைசலில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இதைத் தயாரிக்கும் மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியின் நடுவில் இரும்பு இருக்கிறது. சீழுக்குப் பச்சை நிறம் வருவதும் இந்த நொதியால்தான். இரும்பு குறைந்தால், விழுங்கும் வேலை நடந்தாலும் கொல்லும் வேலை மந்தமாகலாம். அடுத்து, வெள்ளையணுவில் இன்னொரு வகையான லிம்போசைட்டுகள். தொற்று வந்ததும் இவை வேகமாகப் பெருக வேண்டும். அதற்குப் புதிய டி.என்.ஏ. தேவை, அதை ஆக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும். செல்லுக்குள் இரும்பைக் கொண்டுசேர்க்கும் ஏற்பியில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுக்கு ரத்தசோகை லேசாகத்தான் இருந்தது. நோய் எதிர்ப்பாற்றலோ கடுமையாகச் சரிந்திருந்தது.

அதற்காக உங்களுக்கு வரும் ஒவ்வொரு சளிக்கும் இரும்பின்மேல் பழி போட மாட்டேன். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அதுவே போதிய காரணம்! இன்னொன்று: பாக்டீரியாவுக்கும் இரும்பு வேண்டும். அதனால் தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ரத்தத்தில் ஓடும் இரும்பைக் கிருமிக்கு எட்டாமல் பதுக்கிவிடும். கடும் தொற்று இருக்கும்போது நரம்பு வழி இரும்பு ஊசியைத் தள்ளிப்போடுவது இதனால்தான். ஃபெரிட்டினும் காய்ச்சல் நேரத்தில் உயர்ந்து, குறைவை மறைத்துவிடும். உங்கள் 6-இல் அந்தக் குழப்பம் இல்லை, கையிருப்பு காலி.

ஆனால் 3,600-ஐ இரும்புக் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. அண்மையில் வைரஸ் காய்ச்சல் வந்திருந்தாலும் வெள்ளையணு சில வாரம் இறங்கியிருக்கும். பி12, ஃபோலிக் அமிலக் குறைவிலும் இறங்கும். சைவ உணவுக்காரர் என்றால் பி12 கட்டாயம் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குத் தரும் கார்பிமசோல் போன்ற மருந்துகளும் குறைக்கலாம். எதிர்ப்புச் சக்திக்கு என்று துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்குத் தாமிரம் குறைந்து, ரத்தசோகையும் வெள்ளையணுக் குறைவும் சேர்ந்தே வரலாம். கொரோனாவுக்குப் பிறகு பலரும் பிடித்துக்கொண்ட இந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாத்திரையைத் தினமும் ஒன்று, வயிறு தாங்காவிட்டால் மருத்துவரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் உடன் வேண்டாம். மலம் கருப்பாகப் போனால் பயம் வேண்டாம். பேரீச்சம்பழத்தையும் பீட்ரூட்டையும் நம்பி இருக்காதீர்கள். 100 கிராமில் 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு. அசைவம் உண்டென்றால் ஈரலும் சுவரொட்டியும் எவ்வளவோ மேல். நான்கு வாரம் கழித்து முழு ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஹீமோகுளோபின் ஏறியும் வெள்ளையணு ஏறாமல் நின்றால், அல்லது நியூட்ரோபில் 1,500-க்குக் கீழே போனால், ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். விடாத காய்ச்சல், ஆறாத வாய்ப்புண், கழுத்தில் கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிய பிறகும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். அதற்குள் மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கர்ப்பப்பை ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நார்த்திசுக் கட்டி ஏதேனும் இருந்து உதிரப்போக்கு நிற்காவிட்டால், சேரும் இரும்பு மாதாமாதம் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.