வாசகர் கேள்வி (2022): காலையில் வரும் வயிற்றுவலி

கே: என் மகன் பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு நெருங்க நெருங்க, காலையில் வயிற்றுவலி என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை. நடிக்கிறானா?
– வாசகி, திண்டுக்கல்

நடிப்பில்லை. பயத்தில் குடல் உண்மையாகவே இறுகும், வலிக்கும். முதலில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உடலில் கோளாறு இல்லை என்றால், வலிக்காக லீவு போட வேண்டாம். லீவு போட்டதும் வலி நிற்கும். மறுநாள் பயம் இரட்டிப்பாகும். முழுநாள் முடியவில்லையா, வகுப்பாசிரியரிடம் பேசி முதல் வாரம் மதியம் வரையாவது அனுப்புங்கள்.

இனி அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முழுக்க வீட்டில், தேர்வில்லாமல் தேர்ச்சி. ஒன்பதாம் வகுப்பு 2021 செப்டம்பரில்தான் திறந்தது. ஜனவரியில் மறுபடி மூடினார்கள். அதனால் "ஒழுங்காகப் படி" என்று சொல்வதில் பயனில்லை. எங்கே விட்டுப்போனது என்று தேட வேண்டும். இருபடிச் சமன்பாட்டில் திணறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எட்டாம் வகுப்புக் காரணிப்படுத்துதல்தான் தெரிந்திருக்காது. பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்களைக் கேட்டுப் பாருங்கள். 2, 3 என்று சட்டென்று வராவிட்டால் பழைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். தினம் 20 நிமிடம், ஐந்தே கணக்கு போதும்.

அடுத்தது கை. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வேண்டும். போன் பார்த்துப் படித்த பிள்ளைக்கு அரை மணியில் விரல் வலிக்கும். பதில் தெரிந்தும் நேரம் போதாமல் பதறுவான். இந்த வாரம் 30 நிமிடம், பிறகு வாரத்துக்குப் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழு மாதிரித் தேர்வு வைத்தால் மனம் விட்டுப்போகும்.

தூக்கத்தைச் சரிசெய்ய, எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள். விடுமுறையிலும் அதே நேரம்தான். போன் இரவில் உங்கள் அறையில் இருக்கட்டும்.

இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் குறைந்தே இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருமுறை சொன்னாலும் தாமதிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். அரசு மருத்துவ உதவி எண் 104-ஐ அன்றே கூப்பிடுங்கள்.

கே: கொரோனாவில் அப்பாவை இழந்த மாணவி வகுப்பில் பேசுவதே இல்லை. எல்லோர் முன்னும் ஆறுதல் சொல்லலாமா?
– ஆசிரியை, கடலூர்

வேண்டாம். அவளைத் தனியே கூப்பிட்டு, "எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். "தந்தை கையொப்பம்" என்ற படிவத்தை வகுப்பில் நீட்டாமல் அம்மாவிடம் நேரே கொடுங்கள். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 2021-இல் அரசு அறிவித்த 3 லட்சம் ரூபாய் கிடைத்ததா என்றும் அம்மாவிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் உடன் போங்கள்.